பெர்னடீனின் பீர் வரிசை

ஹார்லன் ஃபால்ஸில் கல்நெஞ்சுக்காரி யார் என்று கேட்டால், சின்னக் குழந்தைகூடப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையைக் கைகாட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவள் பெர்னடீன் வ்ரோனா. தலையில் மஞ்சள் ஸ்கார்ஃப், வாயில் புதினா மிட்டாய், பின்சீட்டுப் பயல்கள் மேல் ஒரு கண். முப்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறாள். ஒரு நாள் தாமதமானது கிடையாது. ஒரு பிள்ளையைப் பாராட்டியதும் கிடையாது.

யாரையும் லேசில் பாராட்டமாட்டாள். அவள் சுபாவம் அப்படி. பாதிரியாரின் பிரசங்கம் முடிந்ததும் வாசலில் நின்று அவரிடமே, "நல்லா இருந்துச்சு ஃபாதர். பெரிய பிரசங்கம்னு சொல்ல மாட்டேன்" என்பாள். என்னையும் விட்டுவைத்ததில்லை. நான் எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை ரேடியோவில் வர்ணிக்கிறவன். லெஸ்டர் என்று அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் இருக்கிறது. பெர்னடீனுக்கு நான் வெறும் 'ரேடியோ'.

"யோவ் ரேடியோ, நல்லாத்தான் பேசுறே. ஆனா உன் பேச்சைக் கேட்டு எவனாவது வண்டிய ஓரங்கட்டி நிறுத்திருக்கானா? இல்லேல்ல. அப்ப நீ பெரிய பேச்சாளன் இல்ல" என்று ஒருமுறை கசாப்புக் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் வாங்க வந்த தொத்திறைச்சியை மறந்து வீட்டுக்குப் போய், மனைவியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். பெரிய லீகுக்குப் பல படி கீழே ஆடுகிற அணி. சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டக்காரர்கள்தான், ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒழுங்காக ஒரு ஷூகூட வாங்க முடியாது. மேலே போகிறவன் போவான், போகாதவன் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அடுப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். ஊரில் பாதிப் பேர் அப்படித் தங்கியவர்களின் வம்சம்தான்.

அணியின் முதலாளி டெல்மர் ஃபிங்க், பழைய கார் விற்கிறவர். அவருக்கு ஒரு வருடம் திடீரென்று ஓர் ஆசை. கொக்குகளில் ஆடியவர்களிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, மைதானத்தின் கோடிச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்து வைக்கவேண்டும் என்றார். தேர்ந்தெடுக்க நாலு பேர்: முதலாளி, ரேடியோக்காரனாகிய நான், பழைய ஆட்டக்காரர்கள் சார்பில் ஒருவர், பார்க்க வருகிற சனங்கள் சார்பில் ஒருவர். சனங்கள் ஓட்டுப் போட்டுப் பெர்னடீனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று அப்புறம் ரொம்ப வருடம் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

விதிகள் இரண்டே இரண்டு. நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் சுவர். ஒரு பெயரைப் பத்து வருடம்தான் முன்வைக்கலாம். பத்தாவது வருடமும் தேறாவிட்டால் அந்தப் பெயர் போனது போனதுதான்.

ஓட்டுப் போடும் விதம் எங்களுக்கே உரியது. உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் சாமான் அறை இருக்கிறது. அங்கே ஒரு வாளியில் புதுப் பந்துகள், இன்னொன்றில் அடிபட்டு மண் ஏறிய பழைய பந்துகள். ஒவ்வொருவராக உள்ளே போய், வேண்டும் என்றால் புதுப் பந்து, வேண்டாம் என்றால் பழைய பந்து, ஆணியில் தொங்கும் கித்தான் பைக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். பிறகு பையை மேஜைமேல் கவிழ்ப்பார்கள். எல்லாம் வெள்ளையாக உருண்டால் ஓவியரைக் கூப்பிடலாம்.

யார் எதைப் போட்டார்கள் என்பது ரகசியம். பெர்னடீன் விஷயத்தில் மட்டும் ரகசியமே கிடையாது. உள்ளே போகும் முன்பே, "நான் பழசுதான் போடப் போறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் போவாள்.

அவளுக்கு ஓர் அளவுகோல் உண்டு. முதல் கூட்டத்திலேயே மேஜையைத் தட்டிச் சொன்னாள்.

"புள்ளிவிவரமெல்லாம் நீங்க வச்சுக்குங்க. எனக்கு பீர் வரிசை போதும். ஒருத்தன் ஆட வர்றான்னு தெரிஞ்சதும், பீர் வாங்க நிக்கிற ஆளு தன் இடத்த விட்டுட்டு ஓடியாந்து பாக்கணும். அவன்தான் பெரிய ஆட்டக்காரன். வரிசை கலையலேன்னா அவன் நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். நல்ல ஆட்டக்காரனுக்குக் கை குலுக்கலாம். சுவரு எதுக்கு?"

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் மறுத்துப் பேச வழியில்லை. லூ காண்டி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வரிசை மட்டுமல்ல, பீர் விற்கிற கஸ் என்பவனே கடையை அப்படியே போட்டுவிட்டு வேலியோரம் வந்து நிற்பான். ஓட்டிஸ் லாத்ரோப் பந்து வீசுகிற நாளில் எதிரணி அவுட்டாகிற வரைக்கும் கடைப் பக்கம் காக்கா குருவி இருக்காது. இருவரும் முதல் வருடமே சுவரில் ஏறினார்கள். அதற்கப்புறம் பல வருடம் பெர்னடீன் யாருக்கும் புதுப் பந்து போடவில்லை.

ரெட் கோவாக்குக்காக டெல்மர் தொண்டை கிழியக் கத்தினார். "ரெண்டு வருஷம் அவன் அடிச்ச ஹோம் ரன்ல அடுத்த தெருக் கண்ணாடியெல்லாம் போச்சு பெர்னி!"

"மூணாவது வருஷம் எங்க போனான்? வரிசைல எனக்கு முன்னாடி நின்னான். பீர் வாங்குறதுக்கு" என்றாள் பெர்னடீன். கோவாக் கதை அதோடு முடிந்தது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத பெயர் ஒன்று உண்டு. ஸிக்மண்ட் வ்ரோனா. ஊர் முழுக்க அவனை ஸிக் என்று கூப்பிடும். பெர்னடீனின் புருஷன்.

ஸிக் கொக்குகளுக்காகப் பதினோரு பருவம் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவன். இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நின்று, தரையோடு சீறி வருகிற பந்தை அள்ளி முதல் தளத்துக்கு வீசுகிற வேலை. மட்டை பிடித்தால் சுமார்தான். அதை அவனே ஒத்துக்கொள்வான். ஒரு முறை பெரிய லீகிலிருந்து அழைப்பு வந்தது. போனான். இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அவர்கள் கொடுத்த தொப்பியோடு திரும்பி வந்தான். பிறகு சலவை இயந்திரம் பழுது பார்க்கிற கடை வைத்தான். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று ஊர் கேட்கும். இப்படிப்பட்டவளை வேறு எவன் தாங்குவான் என்று நான் கேட்பேன்.

சுவர் தொடங்கிய வருடமே ஸிக்கின் பெயரும் வந்தது. டெல்மர் புதுப் பந்து. நான் புதுப் பந்து. பழைய ஆட்டக்காரர்கள் சார்பில் இருந்த ஹார்வியும் புதுப் பந்து. பெர்னடீன் பழைய பந்து. அடுத்த வருடமும் அதே. அதற்கடுத்த வருடமும் அதே. ஊர் கொதித்தது. ரொட்டிக் கடையில் அவளுக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். பேருந்தில் பயல்கள் பின்னால் உட்கார்ந்து, "பழைய பந்து, பழைய பந்து" என்று ராகம் போட்டார்கள். அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்ததும் ராகம் நின்றது. ஆனால் அன்று அவள் கண் சிவந்திருந்ததை எரிபொருள் நிலையத்தில் நான் பார்த்தேன். கேட்டால், மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

வீட்டில் எப்படிச் சொல்வாள் என்று ஸிக்கே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"காலைல அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே சொல்வா. 'இந்த வருஷமும் இல்ல ஸிக். முட்டை ஒண்ணா, ரெண்டா?'"

"நீ என்ன சொல்வே?"

"ரெண்டும்பேன். வேற என்னத்தச் சொல்ல?"

சிரித்தான்தான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே, "சுவரு கிடக்குது லெஸ்டர். மழை பேஞ்சா உரிஞ்சு போற பெயிண்ட்டு. இவ ஒருத்தி, ஒரே ஒரு தடவை, நீ பெரிய ஆளுன்னு சொல்லிட்டா போதும்" என்றான். எனக்கு அன்று பெர்னடீன் மேல் வந்த ஆத்திரத்தை ரேடியோவில் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

இப்படியே பத்தாவது வருடம் வந்துவிட்டது. இதுதான் கடைசி. அந்தக் குளிர்காலத்தில் ஹார்வி மூட்டுவலி தாங்காமல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனான். அவன் இடம் காலி. டெல்மர் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னார்.

"அந்த இடத்துல ஸிக்கையே உக்கார வச்சிருவோம்."

"தன்னோட ஓட்டெடுப்புல தானே ஓட்டுப் போடுறதா? விதி ஒத்துக்குமா?"

"கூடாதுன்னு எங்க இருக்கு? காட்டு பாப்போம். எதுக்கால புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒரு பொம்பளை எப்படிய்யா பழைய பந்து போடுவா? அவளும் மனுஷிதானே!"

கார் விற்கிறவர் மூளை அப்படித்தான் வேலை செய்யும். நானும் தலையாட்டினேன். பழைய ஆட்டக்காரர்கள் கைதட்டி ஸிக்கை அனுப்பினார்கள். ஸிக் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னான். பெர்னடீன் மட்டும், "வரட்டுமே. எனக்கென்ன?" என்றாள்.

ஓட்டெடுப்பு சனிக்கிழமை மதியம். அதற்கு முந்தைய நாள், இறைச்சி தவிர்க்கிற தவக்கால வெள்ளிக்கிழமை. ஊரே தேவாலயக் கூடத்தில் கூடி மீன் வறுவல் சாப்பிடுகிற நாள். பருவம் தொடங்கப் போகிறதே என்று, சுவரில் இருக்கிற ஓட்டிஸ் லாத்ரோப்பை டெல்மர் ஒஹையோவிலிருந்து வரவழைத்திருந்தார். ஓட்டிஸுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் இன்னும் முறம் மாதிரி அகலம். எங்கள் மேஜையில் பெர்னடீனுக்கு எதிரே உட்கார்ந்தார். ஸிக் அந்த நேரம் சமையற்கட்டில் பழுதான மின்சார எண்ணெய்ச் சட்டியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பெர்னடீன் ஓட்டிஸைச் சாட்சிக்குப் பிடித்தாள். "நீங்களே சொல்லுங்க ஓட்டிஸ். நீங்க வீசுறப்போ பீர் கடைல ஒரு ஈ உண்டா? ஊரே என்னத் திட்டுது. என் அளவுகோல்ல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லம்மா" என்றார் ஓட்டிஸ். மீன்துண்டை எலுமிச்சையில் முக்கினார். "நான் பந்து வீச நிக்கிற மேட்டுலேர்ந்து அந்தக் கடை நேராத் தெரியும். ரெண்டு பேரு அவுட்டு, மூணாவது ஆளும் போனா அவங்க முறை முடிஞ்சுதுன்னு வச்சுக்க. மட்டைக்காரன் அடிக்கிறான். பந்து தரையோட உருண்டு ஸிக் பக்கம் போகுது. இன்னும் அவன் கைக்கே போகல. அதுக்குள்ள பாதிக் கூட்டம் எழுந்து பீர் வாங்கக் கிளம்பிரும்."

"அதத்தானே நானும் சொல்றேன்! புருஷன்னு பாக்காம சொல்றேன்! அவன்கிட்ட பந்து போனா யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்க!"

"எதுக்குப் பாக்கணும்?" என்றார் ஓட்டிஸ். "முடிஞ்சு போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். மத்தவன்கிட்டப் பந்து போனா எல்லாரும் சீட்டு நுனில உக்காந்திருப்பாங்க, விட்டுருவானோன்னு. ஸிக்கிட்டப் போனா எழுந்திருவாங்க. நானே திரும்பிப் பாக்க மாட்டேனே. பந்து அந்தப் பக்கம் போச்சுன்னா மேட்ட விட்டு இறங்கி, தண்ணி குடிக்க நடக்க ஆரம்பிச்சிருவேன். பின்னால கை தட்டுற சத்தம் கேக்கும், அவ்வளவுதான். ஆயுசுல வேற யாரை நம்பியும் நான் அப்படி நடந்ததில்ல."

பெர்னடீன் மீனை முள்கரண்டியால் குத்தினாள்.

"ஆமா, உனக்கு மறந்துருச்சா?" என்று ஓட்டிஸ் சிரித்தார். "முதல் ஆளா எழுந்து போறது நீதானே. மேட்டுலேர்ந்து பாத்தா மஞ்சள் ஸ்கார்ஃப்தான் முன்னால போகும். பந்து அவன் கைக்குப் போறதுக்குள்ள நீ கடைக்குப் போயிருவே."

அவள் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. மீன் ஆறிப்போனது. நான் அவளுக்கு முட்டைக்கோஸ் எடுத்து வைத்தேன். அதையும் அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையற்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஸிக் எண்ணெய்க் கையோடு, சரியாகிவிட்டது சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் நாலு பேரும் கூடினோம். அன்று பெர்னடீன் எதையும் அறிவிக்கவில்லை. வாயில் புதினா மிட்டாய்கூட இல்லை. டெல்மர் எனக்குக் கண்ணடித்தார், திட்டம் பலித்தது என்று. முதலில் அவர் உள்ளே போய்வந்தார். பிறகு நான். பிறகு பெர்னடீன். ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். எடுக்கிறது ஒரு பந்து, அதற்கு இவ்வளவு நேரமா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஸிக் போனான், உடனே வந்துவிட்டான்.

டெல்மர் பையைக் கவிழ்த்தார். ஒரு வெள்ளை உருண்டது. இன்னொரு வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. நாலாவது கொஞ்சம் சிக்கிக்கொண்டு நின்று, பிறகு தொப்பென்று விழுந்தது. தையல் பிய்ந்து, மண் ஏறி, கறுத்துப்போன பழைய பந்து.

"பெர்னி!" என்று டெல்மர் மேஜையைக் குத்தினார். காப்பிக் கோப்பைகள் துள்ளின. "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? கட்டுன புருஷன் எதுக்கால உக்காந்திருக்கான்! கடைசி வருஷம்!"

நானும் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பதை இப்போது சொல்லவேண்டாம், அது பெர்னடீன் காதுக்குப் போய்விடும். பெர்னடீன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் அந்தப் பழைய பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸிக் மட்டும் எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. எழுந்து வந்து பையைக் கையில் எடுத்தான். உதறினான். உள்ளே எட்டிப் பார்த்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பினான். கொஞ்சம் மணல்தான் கொட்டியது.

"ஒண்ணுதானா?" என்றான்.

"என்னய்யா ஒண்ணு?" என்றார் டெல்மர்.

"பழசு ரெண்டு இருக்கணுமே."

ஸிக் மேஜை மேலிருந்த மூன்று வெள்ளைப் பந்துகளையும் விரலால் தொட்டு எண்ணினான். டெல்மரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கடைசியில் பெர்னடீனைப் பார்த்தான். ரொம்ப மெதுவாக அவன் முகம் மலர்ந்தது. அவர்களின் கல்யாணப் புகைப்படத்தில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"பெர்னி," என்றான், "நீ வெள்ளை போட்டியா?"

"முட்டாள்!" என்று பெர்னடீன் கத்தினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அந்தப் பழசு உன்னுதா? மூளை இருக்காய்யா உனக்கு? உன் பேருக்கு நீயே பழசு போடுவியா?"

"நீ எப்படியும் பழசுதான் போடுவேன்னு நெனச்சேன். ரொட்டிக் கடைக்காரனும் பஸ்ஸுல பசங்களும் உன்னத் தனியா வச்சுத் திட்டுறது எனக்குப் பிடிக்கல. நானும் போட்டுட்டா, திட்டுறவன் ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுவான்ல. வீடு வரைக்கும் துணைக்கு ஆளிருக்கும்."

எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. டெல்மர் திரும்பி நின்று ஜன்னலைத் திறக்கிற மாதிரி பாவனை செய்தார். அந்த ஜன்னல் ஆணியடித்து மூடியது.

அப்புறம் நடந்ததைத்தான் ஊரில் யாரும் நம்ப மறுக்கிறார்கள். பத்து வருடமாக விதி, விதி என்று எங்கள் உயிரை எடுத்த பெர்னடீன் எழுந்து நின்று, "மறுபடி போடுவோம்! இது கணக்குல சேராது!" என்றாள்.

"விதி என்னாச்சும்மா?" என்றேன் நான். விடுவேனா?

"விதியாவது மண்ணாங்கட்டியாவது! டெல்மர், பையத் தொங்கவிடுங்க! யோவ் ரேடியோ, போய்யா உள்ள!"

டெல்மரும் தயார்தான். நானும் எழுந்துவிட்டேன். ஸிக்தான் பையை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"முடியாது. பந்து விழுந்தது விழுந்ததுதான். அவுட்டுன்னு சொன்னப்புறம் நான் என்னிக்காவது அம்பயர்கிட்ட சண்டை போட்டிருக்கேனா?"

"ஸிக், இது கடைசி வருஷம்யா. இனிமே உன் பேரே வராது. சுவரு போச்சு!"

"போகட்டும்" என்றான் ஸிக். "நான் கேட்டது சுவரா? ஏன் போட்டே, அதச் சொல்லு."

பெர்னடீன் ஸ்கார்ஃபின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். எங்கள் இருவரையும் முறைத்தாள். நாங்கள் வெளியே போவோம் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நாங்கள் நகரவில்லை. அதைக் கேட்காமல் போக எங்களுக்கென்ன பைத்தியமா?

"உன்கிட்டப் பந்து போனா நான் எழுந்து போயிருவேன்ல," என்றாள். "பாக்கவே மாட்டேன். பாக்க ஒண்ணுமில்லன்னுதான் போறேன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ விட்டுருவியோன்னு பயமில்லாமத்தான் போயிருக்கேன். அது எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது." பிறகு சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "இதுக்கு மேல என்னால முடியாது. வீட்டுக்கு வா. முட்டை ஒண்ணா ரெண்டா?" என்றாள்.

"மூணு" என்றான் ஸிக்.

சுவரில் ஸிக் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. ரொட்டிக் கடையில் இப்போது இருவருக்கும் சேர்த்து முந்தின நாள் ரொட்டி கொடுக்கிறார்கள். ஸிக் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறான். பருவத்தின் முதல் ஆட்டத்தில் எதிரணியின் கடைசி ஆள் அடித்த பந்து எங்கள் புது ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டபோது, நான் ரேடியோ கூண்டிலிருந்து கீழே பார்த்தேன். மஞ்சள் ஸ்கார்ஃப் சீட்டு நுனியில் இருந்தது. எழுந்திருக்கவே இல்லை. நல்லவேளை, பையன் பந்தை விட்டுவிட்டான்.

அன்று ஓட்டெடுப்பு அறையிலிருந்து கிளம்பும்போது ஸிக் ஒரு காரியம் செய்தான். பெர்னடீன் போட்ட பந்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றான். மேஜையில் மூன்று வெள்ளை. மூன்றும் ஒரே மாதிரி. "எது உன்னுது?" என்று கேட்டான். அவள் சொல்ல மாட்டேன் என்றாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு மூன்றையும் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். அவற்றில் ஒன்று என்னுடையது. இன்றைக்கும் அவர்கள் வீட்டு அடுப்புக்கு மேலே, பெரிய லீக் தொப்பிக்குப் பக்கத்தில், அந்த மூன்றும் வரிசையாக இருக்கின்றன. நான் திருப்பிக் கேட்கவில்லை.